ஒரே சுளகில் நாலு ஊர் வண்டு

கோட்டாறு,
நவம்பர் 17, ஞாயிறு.

அன்புள்ள அஜிதாவுக்கு உன் மரியான் எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்துக்காகச் சவேரியார் கோவிலில் வாரம் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். உனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று தெரியும். அது என் திருப்திக்கு.

இந்தக் கடிதத்தை அட்டைக்கடி இல்லாத இடமாகப் பார்த்து, உட்கார்ந்து வாசி. கெட்ட செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன தடவை உன் ஆராய்ச்சிக்காக அந்தத் தீவில் பிடித்துவந்து, நீ என் பொறுப்பில் விட்டுப்போன நாலு டப்பா வண்டையும் நான் கலந்துவிட்டேன். கலந்ததைத் திரும்பப் பிரித்தும் வைத்திருக்கிறேன். ஏசுவதென்றால் முழுசும் வாசித்துவிட்டு ஏசு. உன் தீவில் போனுக்கு சிக்னல் கிடைக்காதது இந்த ஒரு காரியத்துக்குத்தான் எனக்கு உதவியாக இருக்கிறது.

நடந்தது இதுதான். ஐப்பசி மழையில் அலமாரிக்கு மேலே ஓடு ஒழுகிவிட்டது. டப்பாவைத் திறந்தால் பஞ்சில் ஈரம், இரண்டு வண்டின் காலில் வெள்ளையாகப் பூஞ்சை. கருவாட்டுக் கடைக்காரன் பூஞ்சையைப் பார்த்தால் என்ன செய்வான்? வெளியே எடுத்துக் காயப்போடுவான். மொட்டைமாடியில் நல்ல வெயில். மற்ற சுளகிலெல்லாம் அம்மா மிளகாய் பரப்பியிருந்தாள். கிடைத்தது ஒரே ஒரு சுளகு. நூற்று நாற்பத்தேழு வண்டையும் அதில் கொட்டி, மேலே என் பழைய வேட்டியை மூடிக் காயவைத்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சாயந்திரம் திரும்ப எடுத்து வைக்கும்போது என் கை சும்மா இருக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், நீ அடுக்கியிருந்த விதம் எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. ஒரே டப்பாவில் பெரிசும் சிறிசும், கறுப்பும் செம்பட்டையும். என் கடையில் ஒரு ஆள் நெத்தோலியை இப்படி வைத்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவேன். படித்த பிள்ளைக்குத் தரம் பிரிக்கத் தெரியவில்லையே, நாமாவது செய்து கொடுப்போம் என்று நினைத்தேன். பெரிய கறுப்பு ஒரு டப்பா, சின்ன கறுப்பு ஒரு டப்பா, செம்பட்டை ஒரு டப்பா. அவ்வளவு அழகு. மிச்சமிருந்த நாலாவது டப்பாவில் நீ எழுதிவைத்திருந்த துண்டுச் சீட்டுகளைப் பத்திரமாக மடித்து வைத்தேன்.

அந்தச் சீட்டுகளை மடிக்கும்போதுதான் வாசித்தேன். கடற்கரை. ஆற்றுமுகம். சிவப்புக் குன்று. பெரிய மலை. டப்பாவுக்கு ஒரு ஊர். சோறு தின்னும்போதெல்லாம் நீ சொன்னது அப்போதுதான் காதில் ஏறியது. முதுகு ஓடு ஒட்டிப்போய்ப் பறக்க முடியாத வண்டு, பிறந்த இடத்தைவிட்டு நகராது, ஒரே இடத்திலேயே பெரிசும் சிறிசும் கறுப்பும் செம்பட்டையும் இருக்கும், எது எத்தனை என்பது இடத்துக்கு இடம் மாறும், ஆனால் எல்லாம் ஒரே இனம். நூறு வருடத்துக்கு முன்னால் வந்த அந்தத் துரை இதைப் புரிந்துகொள்ளாமல் பெரிசுக்கு ஒரு பெயர், சிறிசுக்கு ஒரு பெயர், செம்பட்டைக்கு ஒரு பெயர் என்று மூன்று இனமாக்கிவிட்டுப் போனான் என்று நீ மூன்று வருடமாக அவனைத் திட்டுகிறாய். எந்த இடத்தில் பிடித்தது என்று தெரியாத வண்டு குப்பைக்குச் சமம் என்றும் சொல்லியிருக்கிறாய்.

அந்தத் துரை செய்ததை உன் புருஷன் ஒரே சாயந்திரத்தில் செய்துமுடித்தான். அவனுக்காவது சம்பளம் கொடுத்திருப்பார்கள்.

இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. அம்மா என்னைக் கேட்டாள், "மக்கா, செத்த வண்டுக்கா இப்பிடிக் கெடக்க? நம்ம தோட்டத்துல இல்லாத வண்டா? நாலு புடிச்சுப் போடு."

மூன்றாம் நாள்தான் புத்தி வந்தது. கொளச்சல் நெத்தோலியையும் முட்டம் நெத்தோலியையும் கலந்து என் முன்னால் கொட்டினால், ஒட்டியிருக்கும் மணலைப் பார்த்தே நான் பிரித்துவிடுவேன். வண்டும் மண்ணில் ஊர்கிற சாதிதானே. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். கால் கணுவில் துளி சிவப்பு. இன்னொன்றில் வெள்ளைப் பொடி. ஆனால் வெறும் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. உன் லென்ஸை நீ கொண்டுபோய்விட்டாய். வடசேரியில் ஒரு பூதக்கண்ணாடி வாங்கினேன். அதில் வண்டு கலங்கலாகவும் என் விரல் பெரிதாகவும் தெரிந்தது.

அப்போது எனக்கு ஞாபகம் வந்தது உன் அப்பாவின் பூதக்கண்ணாடி. பத்திர ஆபீஸில் பழைய பத்திரம் வாசிக்க அவர் வைத்திருப்பாரே, சின்ன வயசில் நீ திருடிக்கொண்டுபோய் எறும்பு பார்ப்பாயே, அதுதான். நான் கத்தோலிக்கன், நீங்கள் வேறு சபை என்று, நம் கல்யாணத்துக்குப் பிறகு இந்த நாலு வருடத்தில் அவர் உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, என் முகத்தில் விழித்ததில்லை. எனக்கு வேறு வழி இருந்ததா சொல்லு. தக்கலை பஸ்ஸில் ஏறினேன்.

அத்தை கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும், உனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். மாமா பேப்பரை இறக்காமலே என்ன வேண்டும் என்று கேட்டார். அஜிதாவுக்க வண்டெல்லாம் கலந்துபோச்சு மாமா, கண்ணாடி வேணும் என்றேன். "கலந்துபோச்சா, கலந்துபோட்டியா?" என்றார். பத்திர ஆபீஸ் புத்தி எங்கே போகும்? நான் கலந்ததுதான் என்று ஒத்துக்கொண்டேன். அவளுக்கு அதில் எத்தனை வருஷம் போச்சு என்று கேட்டார். மூன்று என்றேன். பேப்பரை மடித்தார். "கண்ணாடிய உங்கிட்ட தரமாட்டேன். அதையும் ஒடைப்ப. நானே வாறேன்" என்றார்.

வந்தார் அஜிதா. கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்து வந்தார்.

மூன்று நாள், காலை பத்து மணிக்கு வருவார், சாயந்திரம் ஐந்துக்குப் போவார். நான் திருப்பிக் காட்டுவேன், அவர் பார்த்துச் சொல்வார். வெள்ளைப் பொடி கடற்கரை, கறுப்புச் சேறு ஆற்றுமுகம், சிவப்பு குன்று, இலைமக்கு பெரிய மலை. முதல் நாள் ஒரு பெரிய கறுப்பையும் ஒரு சின்ன செம்பட்டையையும் பக்கத்தில் வைத்து, "இது வேற, அது வேற. ஒரே டப்பாவுல எப்பிடிப் போடுவ?" என்று சண்டைக்கு வந்தார். ரெண்டும் ஒண்ணுதான் மாமா, உங்க மவ மூணு வருஷமா அதத்தான் சொல்லுகா என்றேன். ஆதாரம் கேட்டார். ஆண் வண்டின் உள்ளே இருக்கும் எதையோ வைத்துத்தான் ஆராய்ச்சிக்காரர்கள் நீங்கள் இனத்தை உறுதி செய்வீர்கள் என்பதை மாமனாரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கழுத்துக் குழியைப் பாருங்க, ரெண்டுலயும் ஒரே மாதிரி என்று சொல்லித் தப்பித்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். "ஆமா. மண்ணுதான் வேற" என்றார். பிறகு அம்மாவிடம் டீ கேட்டார். மூன்றாம் நாள் நெத்தோலி அவியலும் கேட்டார்.

நூற்று நாற்பது வண்டு அதனதன் ஊருக்குப் போய்விட்டது. ஏழு மட்டும் சுத்தமாகத் துடைத்த மாதிரி இருக்கிறது, ஒரு துளி மண் இல்லை. அவற்றைத் தனியாக வைத்து "தெரியவில்லை" என்று எழுதிப் போட்டிருக்கிறேன்.

அம்மா சொல்கிறாள், அந்த ஏழையும் எதிலாவது போட்டுவிட்டு வாயை மூடிக்கொள், அவளுக்குத் தெரியவா போகிறது என்று. எனக்கும் ஒரு நிமிஷம் ஆசை வந்தது. நீ வந்து டப்பாவைத் திறந்து சந்தோஷப்படுவாய், நானும் நல்ல பிள்ளையாக நிற்பேன். ஆனால் பொய்யான ஊர் எழுதிய வண்டை வைத்து நீ அந்தத் துரையை எதிர்த்து எழுதுவதை என்னால் நினைக்க முடியவில்லை. நாளை எவனாவது உன்னைப் பொய்க்காரி என்றால் அது என்னால் வந்ததாக இருக்கும். அதனால்தான் சொல்கிறேன். டப்பாக்களை மூடும் முன்னால் நீ போட்டோ எடுத்தாயே, அது உன் கம்ப்யூட்டரில் இருக்கும். அதோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார். ஒத்துவரவில்லை என்றால் எல்லாவற்றையும் தூக்கிப் போடு. நான் கடையைப் பூட்டிவிட்டு அந்தத் தீவுக்கு வருகிறேன். எனக்குக் கப்பலில் வாந்தி வராது. நீ காட்டுகிற கல்லையெல்லாம் புரட்டி நூற்று நாற்பத்தேழையும் மறுபடி பிடித்துத் தருகிறேன். அட்டையை மட்டும் நீ பார்த்துக்கொள்.

இன்னொன்று. வெறும் கண்ணால் பிரிக்கிறவன் யாராக இருந்தாலும் அந்தத் துரை பிரித்த மாதிரித்தான் பிரிப்பான் என்பதற்கு நான் சாட்சி. வேண்டுமானால் இதை உன் ஆராய்ச்சியில் எழுதிக்கொள். என் பெயரைப் போடாதே. ஒரு கருவாட்டு வியாபாரி என்று போட்டால் போதும்.

எட்டு மாதமாக வீட்டில் சண்டை போட ஆள் இல்லை அஜிதா. ஏசுவதற்காகவாவது சீக்கிரம் வா. ஆண்டவர் உன்னைப் பாம்பு கடிக்காமல் காப்பாற்றட்டும்.

உன்,
மரியான்

கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். மாமா பேனா கேட்டார்.

அஜிதாவுக்கு,

ஆற்றுமுகம் டப்பா முழுக்க நான் பார்த்துச் சொன்னது. அதில் பிழை இருந்தால் என் பிழை. அவனை ஏசாதே. கண்ணாடியை உன் வீட்டிலேயே வைத்துவிட்டேன். எனக்கு ஏதாவது வாசிக்க வேண்டியிருந்தால் அங்கே வந்து வாசித்துக்கொள்வேன். கர்த்தர் உன்னோடிருப்பாராக.

அப்பா