ஹாஜறா மாமி இத்தா இருக்கிறாள்

கல்முனை
12.02.1983

அன்பு மகன் பளீலுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே உடம்புக்கு எல்லாரும் சுகம், மனதுக்குத்தான் ஒருவருக்கும் சுகமில்லை. ஜித்தாவில் நீ இரண்டுக்கும் சுகமாய் இருக்க துஆச் செய்கிறோம். உம்மாவுக்கு அனுப்பிய துணி கிடைத்தது. ஏசி மெஷினில் வேலை பழகுவதாக எழுதியிருந்தாய், கரண்டை நிறுத்தாமல் கை வைக்காதே, வேலையில் மேலே இருப்பவன் அவசரப்படுத்தினாலும் வைக்காதே. இங்கே வெள்ளாமை வெட்டுத் தொடங்கியும் மழை விடவில்லை. சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது, விஷயத்தைச் சொல்கிறேன். என் தங்கச்சி, உன் ஹாஜறா மாமி, திங்கட்கிழமையிலிருந்து புருஷனை இழந்தவளாகத் திரைக்குள் இத்தா இருக்கிறாள். அடக்க ஒரு மையித்தும் வரவில்லை, மௌத்துச் செய்தியும் வரவில்லை. ஒரு சினிமாப் படம் வந்தது, அவ்வளவுதான்.

மீராமுகைதீன் மாமாவைப் பொலிஸ் தேடியபோது உனக்குப் பதினாலு வயது. நெல்லேற்ற வாடகைக்குக் கொடுத்த அவன் லொறியைக் கூட்டுறவுக் கடைக் கொள்ளையில் கண்டதாகச் சொன்னார்கள். ஒளிந்து திரிந்தால் குற்றவாளி ஆக்கிவிடுவார்கள் என்று நான்தான் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போய் ஸ்டேஷனில் பொலிஸ் தொரையிடம் விட்டேன். அரை மணித்தியாலத்தில் அனுப்புகிறேன் என்றார். பின்னேரம் போய்க் கேட்டால் அஸர் தொழுகைக்கு முன்னமே விட்டாயிற்று, நடந்து போனான் என்றார்கள். ஐந்து வருடமாக அதே பதில். மாமியும் ஐந்து வருடமாகக் கலர்ச் சேலை உடுத்து, மாதம் ஒரு தரம் அவன் சாரன்களைத் துவைத்துக் காயப்போட்டு, புருஷன் இருக்கிறவளாகவே இருந்தாள். நான் போனால் தேத்தண்ணி தருவாள், அந்த நாளைப் பற்றி மட்டும் கேட்கமாட்டாள்.

போன கிழமை நான் மெஷின் ஓட்டுகிற தியேட்டருக்கு ஒரு சிங்களப் படம் வந்தது. அந்தத் தொரையின் வாழ்க்கைக் கதையாம், முழுக்கச் சண்டையும் வெடியும். தொடக்கத்தில் அவரே கதிரையில் இருந்துகொண்டு நடந்ததை நடந்தபடி காட்டியிருக்கிறோம் என்று கதைக்கிறார். வழமைபோல ரீலை நான் முதலில் தனியே ஓட்டிச் சரிபார்த்தேன். ஐந்தாவது ரீலில் ஒரு லொறிக்காரன் வருகிறான், பெயரை மாற்றியிருக்கிறார்கள். களப்புக் கரையில் நிறுத்திப் பெயரைக் கேட்க, அவன் தொடையில் இரண்டு தரம் தட்டிவிட்டுத்தான் பெயரைச் சொல்கிறான். மாமாவுக்குத் திக்குவாய் இருந்தது உனக்கு ஞாபகமிருக்கும், தொடையில் தட்டாமல் அவனுக்கு வாய் திறவாது. அதை இவர்கள் எங்கே கண்டார்கள்? பிறகு தொரை சுடுகிறார். விழுந்தவனைத் தாண்டிப் போய் ஜீப்பில் ஏறுகிறார், பாட்டு வருகிறது.

நான் வீட்டில் மூச்சு விடவில்லை. பக்கத்து வீட்டு ஸம்ஸியா பார்த்துவிட்டு வந்து சொல்லிவிட்டாள். ஆயுளில் தியேட்டர் வாசல் மிதிக்காத மாமி ஞாயிற்றுக்கிழமைப் பகல் காட்சிக்கு அவளோடு வந்து பின்வரிசையில் இருந்தாள். மெஷின் அறை ஓட்டையால் முக்காடு தெரிந்தது. அந்த இடம் வர, வெளிச்சத்தை மறைக்கிற மூடியில் கையை வைத்தேன். ஒரு நிமிஷம் மூடினால் போதும், சனம் கூவும், மெஷின் பழுது என்று சொல்லிவிடலாம். கையை எடுத்துவிட்டேன், ஏனென்று கேட்காதே. அவன் தொடையில் தட்டியபோது தியேட்டர் முழுக்கச் சிரித்தது. எங்கள் ஊர்ச் சனம்தான், தெரியாமல் சிரித்தது.

இரவு நான் போய், அது நடிகன், சிவப்புச் சாயம், இதெல்லாம் ஒரு சாட்சியா என்று ஏசினேன். பள்ளிவாசல் ஹஸ்ரத்தையும் கூட்டிவந்தேன். படம் சாட்சியாகாது என்றார், உண்மையாகவே அன்றைக்கு மௌத்தாகியிருந்தாலும் இத்தாவுடைய காலம் எப்போதோ கடந்துவிட்டது, இருக்கத் தேவையில்லை என்றார். மாமி கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு, "ஹஸ்ரத், அவருக்கு அஞ்சு வருஷம் ஆயிருக்கும். எனக்கு இண்டைக்கித்தானே மௌத்தான" என்றாள். ஹஸ்ரத் எழுந்து போய்விட்டார்.

திங்கட்கிழமை காலையில் வெள்ளை உடுத்துவிட்டாள். அறை வாசலுக்குத் திரை நான்தான் அடித்தேன். ஆணி இரண்டு தரம் வளைந்தது, எனக்கு ஆணி வளைவதில்லை. முடித்துவிட்டுப் போகத் திரும்பினேன். நாலு மாதமும் பத்து நாளும் பிற ஆண்பிள்ளை முகம் பார்க்க முடியாது, அவளுக்கு மகனும் இல்லை, வாப்பாவும் உயிரோடு இல்லை. திரைக்குள்ளிருந்து, "காக்கா, உள்ளுக்கு வந்து போகலாமெண்ட ஆம்புள இந்த ஊரில நீங்க ஒராள்தான். நீங்களும் வராம இரிந்திராதீங்க" என்றாள். போய்ப் பாயில் இருந்தேன். "மோட்டச்சைக்கிள்ள போக்குள்ள அவரு என்ன கதச்ச?" என்று கேட்டாள். ஒன்றும் கதைக்கவில்லை என்று பொய் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மகன், அவன் கதைத்தான். பாலத்தடியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, வழமையைவிடத் திக்கித் திக்கி, "மச்சான், பயமாயிரிக்கி, திரும்பிப் போவம்" என்றான். எனக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவன் சொல்லி முடிக்க முன்னமே, "உண்மையச் சொன்னா அஞ்சு நிமிஷத்து வேல, பேசாம இரி" என்றேன். பேசாமல் இருந்தான். அதற்குப் பிறகு அவன் குரலை நான் கேட்கவில்லை. இதை உன் உம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. நாளைக்கு அஸர் தொழுதுவிட்டுப் போய் மாமியிடம் சொல்லப் போகிறேன். அவள் திரைக்கு வெளியே போகச் சொன்னால் போவேன். சொல்ல வாய் வருமா என்று பார்க்கத்தான் முதலில் உனக்கு எழுதினேன்.

மக்காவில் ஹறத்துக்குப் போகும்போது மாமாவுக்காகக் காயிப் ஜனாஸாத் தொழு, மையித்து இல்லாவிட்டாலும் தொழலாம். இங்கே ஹஸ்ரத் தொழுவிக்கமாட்டார். மாமியின் இத்தா நோன்பு பிடித்த முதல் கிழமைதான் முடியும். நீ அவளுடைய காக்காவின் மகன், உனக்கும் திரை இல்லை. லீவு தருவார்களா என்று கேள், தந்தால் அதற்குள் வா. குளிருக்குக் காதைக் கட்டு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உன்னை எந்த நேரமும் பார்த்துக்கொள்வானாக.

உன் வாப்பா
ஜவுபர்