எல்லோருக்குமான நடை

பிப்ரவரி 12

வாயாடிக்கு,

இங்கே நானும் உன் அத்தானும் சுகம். அவருக்கு முழங்கால் வலி மட்டும் வாடகை தராத குடித்தனக்காரன் மாதிரி போகாமல் உட்கார்ந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை உன் நடைக்கு என்னைக் கூப்பிட்டதற்கு நன்றி. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுப் பழைய தெருக்களைச் சுற்றிக்காட்டப் போகிறாய் என்றதும் எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள், நானும்தான். அன்று உன்னைப் பார்த்தபோது அது தப்பு என்று தோன்றியது. உன் பின்னால் அத்தனை பேர் நடந்து வந்தார்கள். நீ கையை நீட்டிய பக்கமெல்லாம் அவர்கள் தலை திரும்பியது. அழகாகத்தான் இருந்தது.

ஆனால் எனக்கு ஒன்றும் புரியவில்லை. கோட்டை வாசலில் நீ மேலே பார்த்துக்கொண்டு பேசினாய். நீதிமன்றத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினாய். சந்தை வளைவுகளுக்குக் கீழே ஒரே இருட்டு, உன் உதடு தெரியவில்லை. சிவப்புத் தொப்பி போட்டவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், நானும் சிரித்துவைத்தேன். மொத்த நடையிலும் உன் உதட்டில் நான் உருப்படியாகப் படித்த வாசகம், "படி இருக்கு, பாத்து வாங்க."

கோபத்தில் எழுதவில்லை. உன் அறிவிப்பில் 'எல்லோருக்குமான நடை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறாய். அதனால் எழுதுகிறேன். செல்போனில் அனுப்பினால் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். கடிதமென்றால் உட்கார்ந்து படிப்பாய்.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது, அதை மறைப்பானேன்.

உனக்காகத்தான் முன்வரிசையில் இடம் வைத்தேன். கூட்டத்தை நடத்திக்கொண்டே போக வேண்டும், பின்னால் வருகிறவர்கள் தொலைந்துவிடக் கூடாது, வண்டி வந்தால் ஒதுங்கச் சொல்ல வேண்டும். இதற்கு நடுவில் என் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? நீ சிரித்துக்கொண்டே வந்தாய். சந்தோஷமாக இருக்கிறாய் என்றுதான் நினைத்தேன். ஒரு தரம் என் கையைப் பிடித்து இழுத்திருக்கலாமே.

சரி, அது போகட்டும். நான் பேசுவதை முழுக்கத் தட்டச்சு செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். இந்த நடைகளை நடத்தும் எங்கள் அறக்கட்டளையின் செயலாளர்கூட, இது நல்ல யோசனை, இனி எல்லா நடைக்கும் அச்சடித்துக் கொடுத்துவிடலாம் என்றார். எனவே உன்னால் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது.

அத்தானின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. 'அதெல்லாம் கொடுத்தாச்சு' என்று நீ முகத்தைத் திருப்பிக்கொள்வது எனக்குத் தெரிகிறது.

அன்புடன்,
வாயாடி

*

மார்ச் 9

வாயாடிக்கு,

உன் தாள்களை எடுத்துக்கொண்டு விடுமுறை நாளில் தனியாகப் போனேன். நன்றாக எழுதியிருக்கிறாய். இதையெல்லாம் எங்கே படித்தாய்?

ஆனால் ஒரு சிக்கல். தாளைப் படித்தால் கட்டடத்தைப் பார்க்க முடியவில்லை. கட்டடத்தைப் பார்த்தால் எந்த வரியில் விட்டேன் என்று தெரியவில்லை. கோட்டை வாசலில் குனிந்து படித்துக்கொண்டே நடந்து, ஒரு பழக்கடைக்காரம்மாவின் கூடைமேல் விழப் பார்த்தேன். அந்தம்மா என்னைப் பிடித்து நிறுத்தி ஏதோ திட்டினாள். அது மட்டும் தெளிவாகப் புரிந்தது, நல்ல வாய் அசைவு.

உங்களுக்குக் காது ஒரு வேலை பார்க்கும், கண் ஒரு வேலை பார்க்கும். எனக்கும் உன் அத்தானுக்கும் இரண்டு வேலைக்கும் இந்தக் கண்தான். நீ பேசிக்கொண்டே கையை நீட்டினால் நான் எதைப் பார்ப்பது, உன் உதட்டையா, நீ காட்டும் சுவரையா? கண்ணாடிக் கடையில் நான் லென்ஸ் தேய்க்கிற மேஜையில் ஒரு சக்கரத்தில் ஒரு கண்ணாடிதான் வைக்க முடியும். இரண்டை வைத்தால் இரண்டும் போகும்.

சிரித்ததைப் பற்றிக் கேட்டிருந்தாய். நம் வீட்டில் சாப்பிடும்போது எல்லோரும் சிரிப்பீர்கள். என்ன என்று உன்னைத் தட்டிக் கேட்பேன். "ஒண்ணுமில்லக்கா, அப்புறம் சொல்றேன்" என்பாய். அந்த அப்புறம் வராது. அதற்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டுச் சிரிக்கப் பழகிக்கொண்டேன். உன்னைக் குறை சொல்லவில்லை. நீ அப்போது சின்னப்பெண், சோறு ஆறிவிடும் என்ற கவலை உனக்கு.

தாளின் கடைசிப் பக்கங்களை இன்னும் படிக்கவில்லை. கண் வலித்தது, திரும்பிவிட்டேன்.

அக்கா

*

ஏப்ரல் 14

அக்காவுக்கு,

நீ எழுதியதை யோசித்து, வேறு மாதிரி செய்து பார்த்தேன். முதலில் அவர்களைப் பார்த்து நின்று பேசுகிறேன். பிறகு வாயை மூடிக்கொண்டு ஒதுங்கி, அவர்களைப் பார்க்க விடுகிறேன். எனக்கு வாயை மூடுவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

முதல் நாள் கூட்டம் நெளிந்தது. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் மெல்ல அருகில் வந்து, "என்னம்மா, மறந்துபோச்சா? எழுதி வெச்சிருக்கீங்களா?" என்று அக்கறையாகக் கேட்டார். அடுத்த வாரம் வந்த ஒரு டீச்சர் மட்டும், பேச்சை நிறுத்தியதும்தான் வாசல் எவ்வளவு உயரம் என்று உறைத்தது என்றார்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் காது கேளாதோர் சங்கத்துக்கும் போனேன். அங்கே எல்லோருக்கும் உன்னைத் தெரிந்திருக்கிறது. சைகை மொழியிலேயே ஒரு நடை நடத்த வேண்டும் என்று பேசியிருக்கிறோம். சைக்கிள் மெக்கானிக் ஒருவர் நடத்துகிறேன் என்று முன்வந்திருக்கிறார். காது கேட்காதவர், கேலிப்பேச்சுக்காரர். மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்து அவருக்கு ஒவ்வொரு இடமாகச் சொல்லிக் கொடுக்கிறேன்.

இன்னொரு சந்தோஷமான செய்தி. ஒரு பத்திரிகை நிருபர் வந்தார். இந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்டார், உன்னைப் பற்றிச் சொன்னேன். பிப்ரவரியில் எடுத்த உன் படமும் இருந்தது, கொடுத்தேன். வந்த செய்தியை வெட்டி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். நீ பெருமைப்படுவாய்.

அன்புடன்,
வாயாடி

*

ஏப்ரல் 22

வாயாடிக்கு,

நீ அனுப்புவதற்கு முன்பே பத்திரிகையைப் பார்த்துவிட்டேன். முதலாளி அதை வெட்டி, கடை முகப்பில் கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறார். 'அமைதி உலகில் வாழும் அக்கா' என்று தலைப்பு. கையைத் தாடையில் வைத்துக்கொண்டு எங்கோ பார்க்கிறேன். அப்போது எனக்குப் பல்வலி.

வருகிறவர்கள் கண்ணாடி வாங்கிக்கொண்டு பட்டறைப் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். ஒரு அம்மா உள்ளே வந்து வாயை அகல அகலத் திறந்து என்னிடம் ஏதோ சொல்லிவிட்டுக் கன்னத்தைத் தடவினாள். என் வயது அவளுக்கு. நேற்றுவரை இந்தக் கடையில் நான் லென்ஸ் தேய்ப்பவள். இன்று நான் பாவம்.

என்னைக் கேட்டிருக்கலாம். கேட்பதற்கு உனக்குத் தெரு இரண்டு தாண்டி வர வேண்டியதில்லை, செல்போனில் ஒரு வரி போதும். கேட்டால் வேண்டாம் என்பேன் என்று தெரிந்துதான் கேட்கவில்லையோ என்னவோ.

பழைய கட்டடங்களைக் காட்டு. என்னைக் காட்டாதே.

கொஞ்ச நாள் வீட்டுக்கு வர வேண்டாம்.

அக்கா

*

ஜூன் 3

அக்காவுக்கு,

நீ வர வேண்டாம் என்று எழுதியும் போன வாரம் வந்தேன். பொத்தானை அழுத்தினேன். மணிக்குப் பதிலாக உள்ளே கூடத்தில் விளக்கு விட்டுவிட்டு எரிவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அத்தானின் செருப்பு வாசலில் இருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். இன்னொரு முறை அழுத்தவில்லை.

உன்னைக் கேட்காமல் கொடுத்தது தப்பு. நீ வேண்டாம் என்பாய் என்று எனக்குத் தெரியும் என்பதும் உண்மை.

பத்திரிகை ஆபீசுக்குப் போய்ப் படத்தை இணையத்திலிருந்து எடுக்கச் சொன்னேன். நிருபர், "நல்ல செய்திதானேங்க, யாரையும் தப்பா எழுதலையே" என்றார். ஒன்றுக்கு நாலு தடவை போன பிறகு எடுத்துவிட்டார்கள். உன் முதலாளியிடமும் பேசினேன். அவர் கழற்றினாரா தெரியவில்லை.

சங்கத்தில் சாயங்காலச் சைகை வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். எல்லோரும் என்னில் பாதி வயசுப் பெண்கள், அவர்களுக்குக் கை வளைகிறது. நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து இதையெல்லாம் வீட்டில் செய்து காட்டுவாய். 'நல்லா வாய் பார்த்துப் பழகணும்' என்று அம்மா உன் கையைப் பிடித்து மடியில் வைத்துவிடுவாள். எனக்கு நினைவிருக்கிறது.

பதில் எழுது.

வாயாடி

*

ஆகஸ்ட் 17

அக்காவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். எழுதாமல் இருக்க எனக்கு வரவில்லை.

மெக்கானிக்கின் நடை தொடங்கிவிட்டது, மாதத்தின் இரண்டாவது ஞாயிறும் கடைசி ஞாயிறும். முதல் நடைக்கு நானும் போய்ப் பின்னால் நின்றேன். அவர் கை ஓடிய வேகத்துக்கு என் வகுப்புப் பாடம் எந்த மூலைக்கு? சந்தை வளைவுகளுக்குக் கீழே அவர் ஏதோ சொன்னார், எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும் புரியவில்லை. யாரும் திரும்பிப் பார்த்து எனக்குச் சொல்லவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது அவரை. நான் சிரித்துவைத்தேன்.

இருட்டான இடத்தில் யாரையும் நிறுத்தக் கூடாது என்று அவர்தான் சொன்னார். இப்போது வளைவுகளுக்கு வெளியே வெயிலில் நின்று பேசிவிட்டு உள்ளே போகிறோம். என் நடையிலும் அப்படித்தான்.

இந்த மாதக் கடைசி ஞாயிறு நான் ஊரில் இல்லை, வெளியூரில் ஒரு பயிற்சி. இதை ஏன் எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும்.

வாயாடி

*

செப்டம்பர் 5

வாயாடிக்கு,

கடைசி ஞாயிறு நானும் உன் அத்தானும் போனோம். நீ இருக்க மாட்டாய் என்றுதான் போனேன். நீ இருந்தால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய், எனக்குப் பிடித்திருக்கிறதா என்று. அன்று யாரும் என்னைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் ஒருத்தியாக நடந்தேன். கால் வலித்தவர்கள் உட்கார்ந்தார்கள், பசித்தவர்கள் கடலை வாங்கித் தின்றார்கள், பின்வரிசையில் இரண்டு பேர் நடையைக் கவனிக்காமல் தங்கள் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்கள். எல்லாம் எனக்குப் புரிந்தது, மருமகள் கதை உட்பட.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும்.

சந்தை முக்கில் பழைய தந்தி ஆபீஸ் இருக்கிறதே, அதன் உச்சியில் ஒரு இரும்புக் கொக்கி தெரியும். அது எதற்கு என்று மெக்கானிக் உன்னைக் கேட்டாராம். அங்கே ஒரு மணி தொங்கியது, தினம் மத்தியானம் அடிக்கும், பிறகு விரிசல் விட்டு இறக்கிவிட்டார்கள் என்று நீ சொன்னாயாம். வீட்டுக்கு வந்து உன் தாள்களைக் கடைசிவரை படித்துப் பார்த்தேன், இது இல்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டிருப்பாய்.

சின்ன வயதில் அப்பா என்னைச் சந்தைக்குக் கூட்டிப் போவார். திடீரென்று தெருவில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அப்பா, துணிக்கடைக்காரர், சைக்கிளில் போகிற தபால்காரர், எல்லோரும். யாரும் யாருக்கும் ஜாடை காட்டவில்லை. எப்படி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றுகிறது? பெரியவர்களாகி வெளியே வந்தால் இப்படிச் செய்ய வேண்டும் போல, அது ஒரு மரியாதை போல என்று நினைத்துக்கொண்டேன். நானும் என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பேன். கையில் ஒன்றும் இருக்காது. அப்பா சிரிப்பார்.

நடையில் மெக்கானிக் அதை நடித்துக் காட்டினார். மேலே மணி ஆடுகிறது, கீழே தெருவே மணிக்கட்டைத் திருப்புகிறது. எங்கள் வயதுக்காரர்கள் நாலைந்து பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர்களும் அதைப் பார்த்திருக்கிறார்கள். உன் அத்தானும் பார்த்திருக்கிறாராம். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம், இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. இது ஒரு விஷயம் என்றே எங்களுக்குத் தெரியாது. யாரும் எங்களிடம் மறைக்கவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்த முக்கில் நின்று அழும்படி ஆகிவிட்டது. பிறகு சிரிப்பு வந்தது.

நல்ல நடை. நிறையப் பேரைக் கூட்டிவா. என்னைப் பற்றி மட்டும் யாரிடமும் சொல்லாதே.

படத்தை முதலாளி கழற்றவில்லை, நானே கழற்றினேன். அன்று நீ பொத்தானை அழுத்தியபோது கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். உன் அத்தான் எழுந்தார், நான்தான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

உன் சைகையைப் பற்றி மெக்கானிக்கிடம் விசாரித்தேன். 'பழைய கதவு' என்பதற்கு நீ 'பழைய மாப்பிள்ளை' என்று காட்டினாயாம், சங்கமே அதைச் சொல்லிச் சிரிக்கிறது. கை விறைப்பாக இருக்கிறது, முகத்தில் ஒன்றும் காட்டுவதில்லை, ஆனால் விடாமல் வருகிறாள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் வா. கூடத்தில் இருட்டு, ஒன்றும் தெரியாது. சமையலறையில் ஜன்னல் பெரிது, வெளிச்சம் நேராக மேஜைமேல் விழும், கை நன்றாகத் தெரியும். அங்கே உட்கார்ந்து பேசலாம்.

அக்கா