திருப்பிப் போட்டியா?

லப்பைக்குடிக்காடு,
20-1-1985

அன்பு மச்சானுக்கு மைமூன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் மாமியும் நலம். உங்கள் நலம்தான் சரியாகத் தெரியவில்லை. போன கடிதத்தில் நாலு வரி எழுதிவிட்டு "இடமில்லை" என்று முடித்திருந்தீர்கள். ஏர்மெயில் தாளில் பாதி வெள்ளையாகக் கிடந்தது.

ஒரு செய்தி. பிளஸ் டூவில் விட்டுப்போன கணக்குப் பேப்பரை இந்த மார்ச்சில் எழுதப் பணம் கட்டிவிட்டேன். பாஸானால் ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போடலாம். மாமியிடம் பயந்து பயந்து சொன்னேன். "எழுது புள்ள. அவன் இங்க இருந்தப்ப ரெண்டு பேரும் கொட்டையா உருட்டுனீங்களே, அது வீணாவா போவணும்?" என்றார்கள்.

நீங்கள் குவைத்துக்குப் போகுமுன் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அந்த நாலு மாதத்தை நினைத்துச் சிரித்தேன். மஞ்சள் பை நிறையப் புளியங்கொட்டை. பாதிக்குச் சுண்ணாம்பு தடவி வெள்ளையாக்கினோம். மாமியின் வெற்றிலைச் சுண்ணாம்பு எல்லாம் நிகழ்தகவிலேயே தீர்ந்துபோனது. "சூதாடுறீங்களா ரெண்டு பேரும்?" என்று பையைப் பறிக்க வந்தார்களே!

நான் ஒரு கொட்டை எடுப்பேன். அடுத்த கொட்டை வெள்ளையாக வர வாய்ப்பு எவ்வளவு என்று கேட்பீர்கள். நான் சொன்னதும், "எடுத்ததைத் திருப்பிப் போட்டியா?" என்பீர்கள். கொட்டை என் கையில் இருக்கும். பையில் ஒன்று குறைந்திருப்பதை மறந்து கணக்குப் போட்டிருப்பேன். பரீட்சையில் என்னைக் கவிழ்த்ததும் அதே தப்புதான். இப்போது கேட்க ஆளில்லாமல் தனியாகப் போடுகிறேன். புதுக் கணக்குகள் எழுதி அனுப்புங்கள்.

இந்த ரமலானுக்காவது லீவு கிடைக்குமா?

உங்கள் மைமூன்


குவைத்,
3-2-1985

அன்புள்ள மைமூனுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

உன் கடிதத்தை ஸ்டோரில் பெட்டிகளுக்கு நடுவே நின்றபடியே படித்தேன். சிரித்த சத்தத்தில் தங்கராசு ஓடி வந்துவிட்டான். குன்னத்துக்காரன், நம் பக்கத்துப் பேச்சுக்கு அவன்தான் துணை. "என்ன பாய், தனியா நின்னு சிரிக்கிறீங்க?" என்று கேட்டான். சுண்ணாம்புக் கதையைச் சொன்னேன்.

முதலில் புள்ளியியல். பெரம்பலூர் பஸ் நம் ஊருக்குத் தினமும் எத்தனை நிமிஷம் முன்னே பின்னே வருகிறது என்று குறித்துக்கொண்டு, சராசரியும் திட்டவிலக்கமும் கண்டுபிடி.

அடுத்தது நிகழ்தகவு. இது நிஜக் கணக்கு. எங்கள் ஸ்டோரில் ஆறு பேர், எல்லோரும் ஒன்றாக வந்தவர்கள். வருஷத்துக்கு இரண்டு பேருக்கு லீவு. பெயர்களைச் சீட்டில் எழுதிப் பால்பவுடர் டப்பாவில் போட்டுக் குலுக்கி இரண்டு எடுப்பார்கள். ஒருமுறை ஊருக்குப் போனவன் பெயர், எல்லோரும் போய் முடிகிற வரை டப்பாவுக்குள் வராது. முதல் இரண்டு வருஷமும் என் பெயர் வரவில்லை. இது மூன்றாம் வருஷம். நான் வர நிகழ்தகவு என்ன?

நிதானமாகப் படித்துவிட்டுப் போடு. விடை தெரிந்ததும் அம்மாவிடம் சொல்.

உன் ஹபீபுல்லா


லப்பைக்குடிக்காடு,
16-2-1985

அன்பு மச்சானுக்கு,

பஸ் கணக்கு முடிந்தது. சராசரியைப் பார்த்தால் நம் பஸ் உத்தமன், நேரத்துக்கு வருகிறது. திட்டவிலக்கம் போட்ட பிறகுதான் யோக்கியதை தெரிந்தது. ஒரு நாள் ஆளேறுமுன் கிளம்பிவிடும், மறுநாள் அரை மணி கழித்துத்தான் வரும். உங்கள் கடிதமும் அப்படித்தான்.

லீவுக் கணக்கும் போட்டேன். ஆறு பேரில் இரண்டு பேர். ஆகவே நீங்கள் வர வாய்ப்பு மூன்றில் ஒன்று. வராமலிருக்கவே அதிக வாய்ப்பு. இதையா மாமியிடம் சொல்லச் சொன்னீர்கள்? நான் சொல்லவில்லை. துஆ கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மைமூன்


குவைத்,
8-3-1985

அன்புள்ள மைமூன்,

விடை பார்த்தேன். நல்ல கையெழுத்து.

லீவு முடிவாகிவிட்டது. எனக்கு இல்லை. பழனிவேலும் தங்கராசும் போகிறார்கள். நீதான் முன்பே சொல்லிவிட்டாயே, வராமலிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று. மனதை விடாதே. பரீட்சையை நன்றாக எழுது. அம்மாவுக்கு சலாம் சொல். இடமில்லை.

ஹபீபுல்லா


லப்பைக்குடிக்காடு,
25-3-1985

மச்சானுக்கு,

இன்று பெரம்பலூரில் கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு வந்தேன். பர்தாவைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன்.

கேள்வித்தாளில் நம் பை வந்திருந்தது. கறுப்புப் பந்து, வெள்ளைப் பந்து, ஒன்றன்பின் ஒன்றாக எடுக்க வேண்டும். வழக்கம்போலக் கடகடவென்று விடை எழுதினேன். எழுதி முடித்ததும் காதுக்குள் நீங்கள் கேட்டீர்கள், "எடுத்ததைத் திருப்பிப் போட்டியா?" என்று. கேள்வியை மறுபடி படித்தேன். 'திருப்பி வைக்காமல்' என்று இருந்தது. அடித்துவிட்டுச் சரியாக எழுதினேன்.

அப்போதுதான் உங்கள் டப்பா ஞாபகம் வந்தது. அங்கேயும் திருப்பிப் போடுவதில்லை! முதல் வருஷம் இரண்டு பேர் போனார்கள், டப்பாவில் மிச்சம் நாலு பெயர். மறு வருஷம் இரண்டு பேர் போனார்கள், மிச்சம் இரண்டு. இரண்டில் இரண்டு எடுத்தால் நிகழ்தகவு ஒன்று. குலுக்கவே தேவையில்லை. நீங்கள் வருவது உறுதி நிகழ்ச்சி. அதைத்தான் சந்தோஷமாக மாமியிடம் சொல்லச் சொன்னீர்கள். மக்கு நான், மூன்றில் ஒன்று என்று எழுதி அனுப்பினேன். அந்தத் தப்பைத் திருத்தாமல், அதற்குப் பின்னாலேயே ஒளிந்துகொண்டீர்கள்.

பரீட்சை ஹாலில் அழுதேன். மேற்பார்வைக்கு நின்ற டீச்சர், "கேள்வி கஷ்டமாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இது மூன்றாம் வருஷம் மச்சான். உங்களுக்கு வர மனமில்லையா? உள்ளதை எழுதுங்கள். அதுவரை என்னிடமிருந்து கடிதம் வராது.

மைமூன்


குவைத்,
9-4-1985

என் மைமூனுக்கு,

பிடித்துவிட்டாய். இனி நீ பாஸ் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

டப்பாவில் பழனிவேலும் நானும்தான் பாக்கி. உன் தப்பு விடை வந்தபோது சிரித்துக்கொண்டே திருத்தி எழுத உட்கார்ந்தேன். தங்கராசு பக்கத்தில் வந்து நின்றான். முதல் வருஷம் ஊருக்குப் போய் வந்தான், அதற்குப் பிறகு பிறந்த பெண் குழந்தையை இன்னும் பார்த்ததில்லை. "நடக்குதாம் பாய். யாரு வந்தாலும் அப்பான்னு ஓடுதாம்" என்றான். மறுநாள் ஆபீசில் என் பெயரை எடுத்துவிட்டு அவன் பெயரைப் போடச் சொன்னேன்.

இதோடு நிறுத்தினால் நான் நல்லவன். ஆனால் தங்கராசு ஒரு சாக்குதான். நான் கிளம்பிய அன்று பஸ் நகர்ந்ததும் நீ கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தாய், ஞாபகமிருக்கிறதா? லீவில் வந்தால் மறுபடி அதே பஸ்ஸில் ஏற வேண்டும். அதை நினைத்தால் எனக்குப் பயம், மைமூன். வராமலே இருந்துவிட்டால் ஏறவும் வேண்டியதில்லை என்று தோன்றிவிட்டது. உனக்கு அது எப்படி இருக்கும் என்று யோசிக்கவில்லை. மன்னித்துவிடு.

டிசம்பரில் ஒப்பந்தம் முடிகிறது. இன்னொரு மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். என்ன செய்யட்டும்? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

ஹபீபுல்லா


லப்பைக்குடிக்காடு,
14-6-1985

அன்பு மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்களைக் காக்க வைத்தேன். கோபம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. கணக்கில் பாஸாகிவிட்டேன். மாமி தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்து, கொட்டை உருட்டிப் பாஸானதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நேற்றுத் தங்கராசு அண்ணன் தன் மனைவி, குழந்தையோடு வந்திருந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, "உங்க லீவுலதான் தங்கச்சி வந்திருக்கேன்" என்றார். முகம் கொடுத்துப் பேசக் கூடாது என்றிருந்தேன். அந்தக் குட்டி அப்பாவின் விரலை விடாமல் பிடித்துக்கொண்டே வீடெல்லாம் சுற்றியது. அதற்கு மேல் என்னால் கோபமாக இருக்க முடியவில்லை.

விளையாட நம் மஞ்சள் பையைக் கொடுத்தேன். கைவிட்டு ஒரு வெள்ளைக் கொட்டையை எடுத்தது. கிளம்பும்போது, "திருப்பிப் போட்டுடு கண்ணு" என்று அதன் அம்மா எவ்வளவோ கெஞ்சினாள். கையை இறுக மூடிக்கொண்டு பஸ் ஏறிவிட்டது. பையில் ஒன்று குறைந்துவிட்டது. போகட்டும்.

கையெழுத்துப் போட வேண்டாம். பயிற்சி முடித்தால் எனக்கு வேலை கிடைக்கும், நீங்கள் கடைத்தெருவில் சின்னதாக ஒரு கடை போடலாம். டிசம்பரில் நீங்கள் வருகிற பஸ் முன்னே பின்னே வந்தாலும் நான் நிறுத்தத்தில் நிற்பேன். வந்த பிறகு உங்களைத் திருப்பிப் போட மாட்டேன்.

உங்கள் மைமூன்