இடக்கைக் கத்தி

அம்மணி,

இன்று காலை மாங்காய் அரிந்தேன். கத்தியைத் துடைத்து முகர்ந்தால் இரும்பும் புளிப்புமாக அதே வாசம். துண்டுகள் வழக்கம்போல் கோணல். நீ பார்த்திருந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாய்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நமக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய சாமான் கடை வைத்திருந்த பாய் என் சிநேகிதர். ஏதோ மில்லுக்கு மெஷின் பூட்ட வந்த ஜப்பான்காரர் ஊர் திரும்பும்போது விட்டுப்போன சாமான்களோடு அந்தக் கத்தியும் அவர் கடைக்கு வந்திருந்தது. "நல்ல இரும்புங்க. ஆனா யார் அறுத்தாலும் கோணப் போகுது. பட்டறைக்காரர் நீங்க, சாணை புடிச்சு நேர் பண்ணிக்குங்க" என்றார். லேத் பட்டறைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? வாங்கி வந்துவிட்டேன்.

வீட்டில் முள்ளங்கியை அறுத்துப் பார்த்தேன். வில்லை ஒரு பக்கம் தடியாகவும் மறுபக்கம் காகிதமாகவும் வந்தது. கத்தியில் ஒரு பக்கம் தட்டை, இன்னொரு பக்கம் மட்டும் சரிவு. எவனோ அரைகுறையாகச் சாணை பிடித்திருக்கிறான் என்று திட்டிவிட்டு, நாளைக்கே மறுபக்கத்தையும் தேய்த்துவிடுகிறேன் என்றேன்.

"தேய்ச்சுபோடாதீங்க" என்றாய்.

அதுவரை நீ எதையும் வேண்டாமென்று சொன்னதில்லை. ஆனைமலையிலிருந்து வந்திருந்த என் அம்மா அருகில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அவரை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு கத்தியை இடக்கையில் எடுத்தாய்.

நீ இடக்கைக்காரி என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எழுதவும் சாப்பிடவும் வலக்கையை அடித்துப் பழக்கியிருந்தார்கள் உன் வீட்டில். அரிவாள்மனையிலோ இரண்டு கையும் சேர்ந்துதான் வேலை செய்யும். யார் கண்ணிலும் படாது. இப்போது முள்ளங்கி ஒரே கனத்தில் வில்லை வில்லையாக விழுந்தது.

"ஏன் அம்மணி, பீச்சாங்கையிலயா காய் அரியறே?" என்றார் அம்மா.

நீ கையை மாற்றிக்கொள்வாய் என்று நினைத்தேன். நீ மாற்றவில்லை.

"இந்தக் கத்திக்கு இந்தக் கைதானுங்க அத்தை."

கத்தியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். சரிவு இடப்பக்கம்; வலக்கைக்கென்றால் வலப்பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. "ஆமாங்கம்மா. இடக்கைக்காரருக்குன்னே அடிச்ச கத்திங்க இது" என்றேன். மத்தியானம் அம்மா பொரியலை இன்னொரு தரம் போட்டுக்கொண்டு, "காய் சன்னமாத்தான் இருக்குது" என்றார். ஊருக்குப் போவதற்குள் பக்கத்து வீட்டில், "எங்க மருமகளுக்குன்னு ஜப்பான்ல இருந்து கத்தி வந்திருக்குது" என்று பீற்றிக்கொண்டதும் அவரேதான். அன்றிலிருந்து நம் வீட்டில் நீ கையை ஒளிக்கவில்லை. எனக்கு அதில் இன்றும் சந்தோஷம்.

அந்தக் கத்தியை நீ கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டாய். எலுமிச்சை அறுத்த கையோடு துடைக்க வேண்டும், ஈரத்தோடு வைக்கக் கூடாது, ராத்திரி ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டைக்கூட மரப்பிடியில்தான் வைப்பாய். "இரும்புல வெச்சா விடியறதுக்குள்ள துருப் புடிச்சுக்குமுங்க, சாமி கோவிச்சுக்காது" என்பாய். ஞாயிற்றுக்கிழமை நான் கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டுவேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை.

நீ போன பிறகு நம் மகள் வரும்போதெல்லாம், "அப்பா, உங்க கைக்குத் தோதா மாத்திக்குங்களே" என்கிறாள். எனக்கு அது பெரிய வேலையில்லை. ஆனால் கோணல் துண்டு என்றால் ஊறுகாயில் உப்பு ஏறாதா என்ன?

இன்றும் உன் பக்கத்தை மட்டும்தான் தீட்டினேன். துடைத்து, எண்ணெய் தடவி, சமையல் மேடையில் வைத்தேன். பிடியை இடப்பக்கமாகத் திருப்பித்தான் வைத்திருக்கிறேன், நீ எடுக்க வசதியாக.