சுவருக்கு இந்தப் பக்கம் கிடக்கும் அண்ணனுக்கு

என் அருமை அருளப்ப அண்ணனுக்கு,

கல்லறைத் திருநாள் இப்போதுதான் முடிந்தது. அண்ணி உன் கல்லறைக்கு வெள்ளை அடித்து, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றினாள். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போனார். எல்லாம் முறையாகத்தான் நடந்தது. நீ படுத்திருக்கிற இடம்தான் முறையில்லை.

அது உனக்குத் தெரியுமா? செத்தவர்களுக்கு எல்லாம் தெரியும் என்பாய். உனக்குத் தெரியாமல் இருக்க வேண்டுமென்று நான் வேண்டிக்கொள்கிறேன். யாரிடம் வேண்டுகிறேன் என்று மட்டும் கேட்காதே.

வாசிக்கிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ஜெயங்கொண்டத்துக்குப் பக்கம், முந்திரிக்காட்டுக்கு நடுவே இருக்கிறது. ஊரே கத்தோலிக்க ஊர். எல்லாருக்கும் ஒரே கோயில், ஒரே பூசை. கல்லறைத் தோட்டத்தில் மட்டும் நடுவே ஒரு சுவர். எங்கள் சாதிக்காரர்கள் இந்தப் பக்கம், கீழத்தெரு தலித் சனங்கள் அந்தப் பக்கம். என் அண்ணன் இந்த ஊர் உபதேசியார், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவர். கீழத்தெரு சவரிமுத்து அவருக்கு உயிர்ச் சிநேகிதர், கோயிலில் கூடவே நின்று பாடியவர். சவரிமுத்து முதலில் போய்ச் சேர்ந்தார். அதிலிருந்து அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நான் செத்தா என்னைச் சவரி பக்கத்துல பொதைங்க."

நமக்குள் இருந்த சண்டை ஊருக்கே தெரியும், அண்ணே. நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவள், பூசைக்குப் போவதை எப்போதோ நிறுத்திவிட்டவள். நல்லது கெட்டது எல்லாம் மனுஷன் தன் வசதிக்கு வைத்துக்கொண்டது, ஊருக்கு ஊர் மாறும் என்பேன். உனக்குச் சுள்ளென்று கோபம் வரும். "பத்துக் கட்டளைய ஓட்டுப் போட்டா குடுத்தாங்க? ஒலகமே சேந்து சரின்னு சொன்னாலும் தப்பு தப்புதான் புள்ள. அப்படி ஒண்ணு இல்லைன்னா நான் கும்புடுற சாமியும் இல்ல" என்று சோற்றைப் பிசைந்தபடியே கத்துவாய். "ரெண்டு பேரும் சாப்புட்டுட்டு அடிச்சிக்குங்க" என்பாள் அண்ணி.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் இருந்து உன்னைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்திய பிறகு, குழி எங்கே வெட்டுவது என்ற பேச்சு வந்தது. நான் உன் ஆசையைச் சொன்னேன். பங்காளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நாட்டாண்மை, வழக்கத்தில் இல்லாததைச் செய்ய முடியாது என்றார். "இது தப்பு" என்றேன். நன்றாகச் சத்தமாகவே சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "தப்புன்னு யாரு சொன்னா டீச்சர்? நியாயமெல்லாம் மனுசன் வச்சதுன்னு நீங்கதான சொல்லுவீங்க? இந்த ஊரு மனுசங்க நாங்க இப்படி வச்சிருக்கோம்" என்றார்.

உன்னிடம் நான் வாதாடிய வார்த்தையை வைத்தே உன்னை இந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு போனார்கள். சாமியாரிடம் ஓடினேன். பாவம், புதிதாக வந்த சின்ன வயசுக்காரர். "இப்ப சண்டை வேணாம்மா, எல்லாம் ஆண்டவருக்குத் தெரியும்" என்றார். தெரிந்து என்ன ஆயிற்று?

நான் சொன்னதுதான் உண்மை என்றால் உனக்கு நடந்தது அநியாயமே இல்லை. ஊர் வழக்கம், அவ்வளவுதான். என் வயிறு எரிவது வெறும் கூடப்பிறந்த பாசம். அதை என்னால் ஒத்துக்கொள்ளவே முடியவில்லை. நீ சொன்னது உண்மை என்றால், யார் சொன்னாலும் மாறாத ஒரு நியாயம் இருக்கிறது, அதைக் கொடுத்தவர் ஒருவரும் இருக்கிறார். அவரை நம்புகிற அத்தனை பேரும் அன்றைக்கு அந்தக் கூடத்தில்தான் இருந்தார்கள். செபமாலை சொல்லி முடித்த கையோடு முடியாது என்றார்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் கட்டளைகளைச் சொல்லிக்கொடுத்தது நீ. நம்பாத நான் ஒருத்திதான் தப்பு என்றேன். இதை நான் எங்கே போய்ச் சொல்ல?

திருநாளன்று சுவருக்கு அந்தப் பக்கம் போனேன். சவரிமுத்து அண்ணன் மனைவி லூர்து மேரி அவர் கல்லறையில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் அழுதேன், அவர் அழவில்லை. "விடுங்க டீச்சர். செத்தவர எங்க போட்டாங்கன்னு நீங்க அழுவுறீங்க. நாங்க உசுரோட இருக்கயிலயே உங்க பக்கம் வர முடியல" என்றார். பிடுங்கிய புல்லைச் சுவரோரம் எறிந்துவிட்டு, "உபதேசியாரு நல்லவருதான். ஆனா செவுத்த இடிங்கன்னு ஒருநாளும் கோயில்ல சொல்லலையே" என்றார்.

நானும் குனிந்து புல் பிடுங்கினேன். ஏன் அண்ணே சொல்லவில்லை? உனக்குத் தெரிந்த நியாயம் உன் ஒருத்தன் குழிக்கு மட்டும்தானா?

இன்னொரு சேதி. சுவரை உயர்த்திக் கட்டப் போகிறார்களாம். ஆடு தாண்டுகிறதாம். அதற்கு வரி பிரிக்க அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்டம்.

சுவர் விழும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. உன் கடவுள் இருக்கிறார் என்ற நம்பிக்கையும் வரவில்லை, வந்தால் அவரிடம் இன்னும் கோபம்தான் வரும். ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்தக் கூட்டத்துக்குப் போவேன். எழுந்து நின்று தப்பு என்பேன். யாரு சொன்னா என்று மறுபடியும் கேட்பார்கள். "எங்க அண்ணன் சொன்னாரு" என்பேன். அது பதிலே ஆகாது என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். உட்காரச் சொல்வார்கள். உட்கார மாட்டேன்.

கடைசிவரை உன்னோடு ஒத்துப்போகாத
உன் தங்கை
ஸ்டெல்லா