அரிசியைப் போய் ஆருங்க பொதைப்பாங்க?

என் அருமை நாச்சிமுத்து மச்சானுக்கு,

உங்க உடுமலைத் தோப்பு இப்ப எப்படிக் கிடக்குதுன்னு முதல்ல சொல்லிப்போடறேன். எங்க பார்த்தாலும் குழி. ஜேசிபி இறங்கின வரிசையில தென்னைக்கு வேர் அறுந்து மட்டை தொங்கி நிக்குது. நீங்க பார்த்திருந்தா அழுதிருப்பீங்க. எனக்கு அழுகை வரலைங்க, கோபம்தான் வந்துச்சு. அதுவும் பாதி உங்க மேலதான்.

இதை நான் அச்சுல போடறேன். படிக்கிறவங்களுக்கும் விளங்கணும். அதனால உங்களுக்குத் தெரிஞ்சதையே திரும்பச் சொல்றேன், பொறுத்துக்கங்க.

ஊரடங்கு சமயம். வீட்டுல அரிசி தீர்ந்துபோச்சுன்னு உங்க மச்சினன் துரைசாமியோட மளிகைக் கடைக்குப் போனீங்க. உங்க ஊட்டுக்காரி சரசுவோட கூடப் பொறந்த தம்பி. பாதி இறக்கின ஷட்டருக்கு அடியில அவர் குனிஞ்சு நின்னு, "இருப்பு இல்லீங்க மாமா, இருந்தா உங்களுக்கு இல்லைம்பனா?"ன்னு கேட்டார். அவர் முழங்காலுக்குப் பின்னாடி மூட்டை அடுக்கியிருந்ததை நீங்க பார்த்தீங்க. வெறும் பையோட வந்துட்டீங்க. அந்த மாசம் ரேஷன் அரிசி தின்னீங்க. அதுக்கு நீங்க வெட்கப்படலை. அந்த ஷட்டரைத்தான் உங்களால மறக்க முடியலை.

ஊரடங்கு முடிஞ்சதும் நேரா சரவணம்பட்டிக்கு, என் பழைய டிரம் குடோனுக்கு வந்தீங்க. "வருசக் கணக்குல அரிசி கெடாத டிரம் வேணுங்க மச்சான்." சைக்கிள் கேரியர்ல காலி டிரம்மைக் கட்டிக்கிட்டுத் தொழிலுக்கு வந்தவன் நான். டிரம்முக்குள்ள மூக்கை விட்டா முன்னாடி என்ன இருந்துச்சுன்னு சொல்லிப்போடுவேன். சாயப்பட்டறையிலிருந்து வந்ததை எல்லாம் ஒதுக்கி, மாம்பழக்கூழ் வந்ததாப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம், தோட்டத்து ஆளுக சந்தைக்குப் போன நேரம் பார்த்து ரெண்டு பேரும் பொதைச்சோம். தண்ணி பாயுற பாத்தியை விட்டுத் தள்ளி, மேட்டுல குழி. அடியில சரளை. அரிசியை வெயில்ல காய வெச்சு, நடுவுல வசம்பு போட்டு, கனத்த பிளாஸ்டிக் பையில கட்டி டிரம்முக்குள்ள இறக்கினோம். உப்பு தனி, பருப்பு தனி. தீப்பெட்டிக்கும் மெழுகுவத்திக்கும் ஒரு டிரம். மூடியை இரும்பு வளையம் போட்டு இறுக்கி, மேல கடப்பாக்கல் வெச்சு மண்ணைத் தள்ளினோம்.

"சரசுக்குத் தெரிய வேண்டாங்க. தெரிஞ்சா ஏன்னு கேப்பா. ஏன்னு சொன்னா அவளுக்குப் பொறந்த ஊடு இல்லாமப் போயிரும்"னீங்க. சரின்னு நானும் தலையை ஆட்டிப்போட்டேன்.

அதோட விட்டிருக்கலாமில்லீங்க? மண்வெட்டியும் கையுமா நின்ன உங்களைத் துரைசாமி வந்து பார்த்தப்ப வாயை மூடிட்டு இருந்திருக்கலாமில்ல?

"என்னுங்க மாமா, வேகாத வெயில்ல குழி?"

"தங்கம் பொதைக்கிறனுங்க மாப்ள. கொஞ்சம் வேணுங்களா?"

சொல்லிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிச்சீங்க. ஷட்டருக்குப் பதில் சொன்னதா உங்களுக்கு ஒரு திருப்தி. அவர் சிரிச்சார். ஆனா மறக்கலை.

உங்க நெஞ்சு திடீர்னு நின்னுபோச்சு. கருமாதி முடிஞ்சு பந்தல் பிரிச்ச ஈரம் காயலை, தங்கம் காட்டுற மெஷின்னு ஒண்ணைத் தூக்கிக்கிட்டு ஒருத்தனைக் கூட்டியாந்துட்டார் துரைசாமி. மெஷின் கத்துச்சு. கத்தாம என்ன பண்ணும்? என் டிரம் வளையம் இரும்பாச்சே.

தோண்டித் திறந்தாங்க. வண்டு விழாத அரிசி. அதை அப்படியே செம்மண்ணுல கொட்டிக் குச்சியால கிளறினாங்க மச்சான். உள்ள தங்கம் இருக்குதான்னு. உப்பைக் கொட்டினாங்க, பருப்பைக் கொட்டினாங்க. கோழி வந்து பொறுக்குச்சு. அப்புறம் ஜேசிபியை இறக்கித் தோப்பு முழுக்கத் தோண்டினாங்க, தங்கம் கிடைக்கலை.

"அரிசிதானுங்க வெச்சார், நானும்தான் கூட இருந்தேன்"னு சொன்னேன்.

"அரிசியைப் போய் ஆருங்க பொதைப்பாங்க?"ன்னு திருப்பிக் கேட்டார் துரைசாமி. கடைக்காரர் கேக்கிற கேள்வியா இது? அப்புறம் கூட்டத்தைப் பார்த்து மெதுவா, "டிரம் கொடுத்தவருக்கு எடம் தெரியும். தங்கத்தை எடுத்துட்டு அரிசியைப் போட எத்தனை நேரமாகும்?"னார்.

ஏன் பொதைச்சார்னு சொல்ல என் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. பக்கத்துல சரசு நின்னா. முழுங்கிட்டேன்.

அடுத்த வாரம் அவளைப் பார்க்கப் போனேன். வாசல் கேட்டுக்கிட்டயே நிக்க வெச்சுச் சொம்புல தண்ணி கொடுத்தா. உள்ள வாங்கன்னு சொல்லலை. அந்த வீட்டுல என்னைக்காவது எனக்கு அந்த வார்த்தை இல்லாம இருந்திருக்குதுங்களா?

"நீங்க எடுத்தீங்கன்னு நான் சொல்லலீங்கண்ணா. ஆனா அது எங்க போச்சுங்க?"ன்னா.

நான் அம்மணின்னும் அவ அண்ணான்னும் கூப்பிட்டு வளர்ந்த உறவு. அந்த ஒரு கேள்வியை மரியாதையோட கேட்டு அதை முடிச்சுப்போட்டா. தொழில்ல என்னைத் திருடன்னு எத்தனையோ பேர் ஏசியிருக்காங்க, ஒருத்தர் சொன்னதும் எனக்கு ஒட்டினதில்லை. இது ஒட்டிக்கிச்சுங்க.

இன்னும் ஒரு டிரம் இருக்குதுங்களே மச்சான். மோட்டார் ரூமுக்குப் பக்கத்துல, துவைக்கிற கல்லுக்கு அடியில. அதுக்குத் திருகி மூடுற பிளாஸ்டிக் மூடி, இரும்பு வளையம் இல்லை. அதனால மெஷின் கத்தலை. "இது உங்க ஊட்டுக்குங்க"ன்னு என் பேர் சொல்லி வெச்சீங்க. அதை நான் எடுத்தா, பார்த்தியா எடுத்துட்டான்னு ஆகும். விட்டா மண்ணுல கிடக்கும். நல்லாத்தான் கொடுத்துட்டுப் போனீங்க எனக்குப் பங்கு.

யோசிச்சுப் பார்த்தேன். சரசுவோட பொறந்த வீட்டைக் காப்பாத்த என் பேரை அடமானம் வெக்க நீங்க ஆருங்க? அதான் ஷட்டர் கதையை எழுதிப்போட்டேன். சரசு படிப்பா. படிக்கட்டும்.

உங்க வருச நினைவு நாளுக்கு வாரேன். கூப்பிட்டாலும் வாரேன், கூப்பிடலைன்னாலும் வாரேன். எல்லாரும் இருக்கையில துவைக்கிற கல்லைக் காட்டுவேன். துரைசாமியே தோண்டட்டும். மூடியைச் சரசு திறக்கட்டும், உள்ள அரிசிதான்னு அவளே பார்க்கட்டும். நான் வேலிக்கு வெளியவே நிப்பேன். அந்த அரிசியையும் மண்ணுல கொட்டினாங்கன்னா அப்படியே பஸ் ஏறிருவேன், திரும்ப வரமாட்டேன். சரசு அதை உலையில போட்டு, "உள்ள வாங்கண்ணா"ன்னு ஒரு வார்த்தை சொன்னான்னா, உங்களுக்குப் படைச்ச இலைக்குப் பக்கத்துல உக்காந்து தின்னுட்டுத்தான் வருவேன். இது சத்தியம்.

கண்ணடிச்சதை இன்னும் மன்னிக்காத,
உங்க மச்சான்
ரங்கசாமி