மடுல்சீமையில் ஒரு சிவப்பு வளையம்

இன்று காலை மேசை இழுப்பறையைத் திறந்ததும் உன் டப்பா உருண்டு வந்தது. உள்ளே குருவிக் காலுக்குப் போடும் வளையங்களும் உன் ரப்பரும். நீ தலைவலிக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசம் மூடியில் இன்னும் இருக்கிறது.

ஸ்பிரிங்வெளிப் பக்கம், தேயிலைக் கொழுந்து நிறுக்கும் எங்கள் பழைய மடுவத்தில் பிறக்கும் தகைவிலான் குருவிக் குஞ்சுகளுக்குச் சிவப்பு வளையம். மடுல்சீமையில் உங்கள் லயத்து வீட்டு இறவாரத்தில் பிறப்பவற்றுக்கு நீலம். இங்கே பிறந்தது அங்கே போய்க் கூடு கட்டுகிறதா என்று பார்க்கத்தான் பறவை ஆராய வந்த கம்பஸ்காரர்கள் இந்த டப்பாவைத் தந்தார்கள். அவர்கள் போய்விட்டார்கள், நாம் இரண்டு டீச்சர்மாரும் விடவில்லை. நாலு வருஷம் நான் இங்கே, நீ அங்கே, கழுத்து வலிக்கக் கரண்டுக் கம்பியைப் பார்த்தோம். குட்டைக் காலை வயிற்றுக்குள் ஒளித்துக்கொண்டு அவை நம்மைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை.

நோட்டில், திரும்பி வராத ஒரு குருவிக்கு நேரே "செத்தது" என்று எழுதினேன். நீ ரப்பரால் அழித்தாய். "நீ பாக்கலைன்னா செத்துப்போச்சா புள்ள? பாக்கலைன்னு எழுது. நாம ரெண்டே எடத்துலதான் பாக்குறோம், அது எங்க இருக்கோ." அன்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மாசியில் நீ போனாய். அதன்பிறகு மடுல்சீமையில் பார்க்க ஆளில்லை. அங்கே போகும் குருவியெல்லாம் என் நோட்டில் காணாமல் போகிறது.

போன வாரம் தோட்ட ஆபீசில் கூப்பிட்டார்கள். மடுவத்துக் கூரைத் தகரத்தைப் பிரிக்கப் போகிறார்களாம். "இதுங்க வேற எடத்துலயும் கூடு கட்டுமா டீச்சர்? கட்டும்னா உடனே பிரிச்சிருவோம். இல்லன்னா குஞ்சு பறக்குற வரைக்கும் பொறுக்குறோம்" என்றார் கிளாக்கர். கட்டாது என்று சொல்ல வாய் துடித்தது. நாலு வருஷத்தில் இடம் மாறிக் கூடு கட்டிய ஒன்றைக்கூட நாம் பார்த்ததில்லை. ஆனால் நீ போன பிறகு அங்கே யாருமே பார்க்கவில்லையே. பாழாய்ப்போன உன் ரப்பர் என்னை விடவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். உன் வாசலுக்கு நேர் மேலே கூடு. உன் அம்மா தந்த தேத்தண்ணி கையில் இருக்கும்போதே அந்தக் கூட்டுக் குருவி கம்பியில் வந்து உட்கார்ந்து காலை நீட்டியது. சிவப்பு. நாலு வருஷம் நீ தவம் கிடந்த குருவி, உன் கதவுக்கு மேலேயே. அப்படியே உட்கார்ந்து அழுதேன். அம்மா உன்னை நினைத்து அழுகிறேன் என்று நினைத்தார். உன்னை நினைத்தும்தான்.

ஆபீசில் உள்ளதைச் சொன்னேன். வருகிற திங்கட்கிழமை தகரம் பிரிக்கிறார்கள். மடுவத்துக் கூட்டில் மூன்று குஞ்சுகள், இறகுகூட முளைக்கவில்லை. "போறது பெருசுங்க, குஞ்சுங்க எங்கங்க போகும்?" என்று கெஞ்சிப் பார்த்தேன். "நீங்கதானே டீச்சர் சொன்னீங்க" என்கிறார் கிளாக்கர். நேற்றும் போனேன், அதே பதில்தான்.

நோட்டில் உன் பக்கத்தில் "சிவப்பு, ஒன்று, பார்த்தேன்" என்று எழுதிவிட்டேன். அந்த மூன்றுக்கு நேரே என்ன எழுத? திங்கட்கிழமை மடுவத்துப் பக்கமே போகாமல் வீட்டில் இருந்துகொண்டால், நீ சொன்னபடி பாக்கலைன்னு எழுதிவிடலாம். உனக்கு நேரே அப்படி எழுத எனக்கு வழியில்லை. பதுளை ஆஸ்பத்திரியில் உன் முகத்துத் துணியை விலக்கிப் பார்த்தவள் நான். ரப்பரை எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன் புள்ள, எதை அழிக்க என்றுதான் தெரியவில்லை.